காணாததைக் கண் அறியாது



நம் கண் எதையெல்லாம் காண்கிறது என்று கேட்டால் உடனே விடை கூறிவிடுவோம். எதைக் காணவில்லை என்று கேட்டால், அதற்கு அந்தக் கண் விடை கூற இயலாது. இவ்வுண்மையை வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்த நானே, என் வீட்டில் அது நேர்ந்தபோது உணரத் தவறினேன்.

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இல்லை. அதனால் விளைவதே குருட்டுப் புள்ளி. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரியோத் இதனைக் கண்டறிந்தார். பெயர்தான் புள்ளி, அதன் அகலமோ ஏறத்தாழ ஐந்தரைப் பாகை. பதினொரு முழுநிலவுகளை வரிசையாக வைத்தாலும் அதனுள் அடங்கிவிடும்.

1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராசகோபுரத்தின் உயரம் 236 அடி. ஒரு கிலோமீட்டர் தொலைவில், மறைப்பில்லாத ஓரிடத்தில் நில்லுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, கோபுரத்திற்கு இடப்புறம் 15 பாகை தள்ளி, அதாவது நீட்டிய கையின் மூடிய முட்டி ஒன்றரை அளவு தள்ளி, கோபுர உச்சியின் மட்டத்தில் வலக்கண்ணை நிறுத்துங்கள். அத்துணைப் பெரிய கோபுரமும் மறைந்துபோகும்! அங்கே இருள் தோன்றாது. சுற்றியுள்ள வானத்தைக் கொண்டே மூளை அவ்விடத்தை நிரப்பிவிடும்.

திருவரங்கத்தில் வாழ்ந்த என் தமையனார் ஒருநாள் செய்தித்தாளில் வரிகளின் தொடக்கத்தை விட்டுவிட்டுப் படித்தார். வாசல் நிலையில் இடத்தோளை இடித்துக்கொண்டார். "கண் நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணாடிதான் பழையதாகிவிட்டது" என்றார். நானும் அதை நம்பிப் புதுக் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்தேன். மூன்று நாட்கள் வீணாயின. நான்காம் நாள் அம்மா மண்டபப் படித்துறையில் அவர் விழுந்துவிட்டார்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த மருத்துவர் கட்டிலருகே, கையெட்டும் தொலைவில், அவருக்கு நேரெதிரே அமர்ந்தார். தமையனார் இடக்கண்ணைப் பொத்திக்கொள்ள, மருத்துவர் தம் வலக்கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் கண்ணை மற்றவர் நோக்கியிருக்க, இருவருக்கும் நடுவே மருத்துவர் தம் விரலை ஓரத்திலிருந்து உள்ளே கொணர்ந்தார். தமக்குத் தெரியும் விரல் நோயாளிக்கும் தெரிகிறதா என்பதே சோதனை. மருத்துவரின் கண்ணே அங்கு அளவுகோல். சிவப்புத் தலையுள்ள குண்டூசியைக் கொண்டு குருட்டுப் புள்ளியையும் இவ்வாறே ஒப்பிட்டறியலாம்.

மறு கண்ணையும் சோதித்தார். இரு கண்களிலும் இடப்பாதி தெரியவில்லை. ஒரு கண்ணில் மட்டும் குறையிருந்தால் கண்ணையோ அதன் நரம்பையோ ஐயுறலாம். இரண்டிலும் ஒரே பக்கம் மறைந்தால் பழுது மூளையின் எதிர்ப்பக்கத்தில் என்றார். மூளையின் வலப்புறத்தில் குருதியோட்டம் தடைப்பட்டிருந்ததை மருத்துவமனைப் படம் உறுதி செய்தது. கைகால் தளராமலும் பக்கவாதம் வரக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இழந்த பார்வை அவருக்குத் திரும்பவில்லை.

விரற்சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. கண் நீரழுத்த நோயின் தொடக்கக் குறையை அறியக் கருவிச் சோதனை வேண்டும். ஆயினும், வீட்டுப் பெரியவர் திடீரென ஒரே பக்கமாக இடித்துக்கொண்டாலோ, வரிகளை விட்டுப் படித்தாலோ, "நன்றாகத் தெரிகிறது" என்னும் சொல்லோடு அமைந்துவிடாதீர்கள். நாளைக்கு என்று தள்ளாமல், அந்நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தன் குறையைத் தான் காண இயலாத கண்ணுக்கு, அருகிலிருப்பவர் கண்ணே துணை.