வெள்ளம் வடிந்த பின் வரும் கண்நோய்



2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதையும், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளம் வடிந்ததும் எத்தனை பேர் வெறுங்காலோடு நின்று வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டினார்கள்! அத்தகைய நீரால் கண்ணுக்கு நேரக்கூடிய ஒரு கேட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீரோடு வெளிப்படுகிறது. தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் பல நாட்கள் உயிரோடிருக்கும். சேற்றுப்புண் வழியே நம் இரத்தத்தில் புகுந்துவிட்டால் கடும் ஜுரம், தலைவலி, கெண்டைக்கால் சதையில் வலி உண்டாகும். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. இதுவே எலிக் காய்ச்சல். சிலருக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். பலருக்கோ சில நாட்களில் தணிந்துவிடும். அவர்களும் அதை மறந்துவிடுகிறார்கள். கிருமி இரத்தத்தில் ஓடிய அந்நாட்களில் கண்ணுக்குள்ளும் புகுந்திருக்கக்கூடும். வாரங்களோ மாதங்களோ கழிந்து கண்ணின் உட்பகுதி அழன்று, பார்வை மங்குகிறது.

இது மதுரையில் கண்கூடாகத் தெரிந்தது. 1993 இறுதியில் பெருவெள்ளம் வந்தது. 1994-இல் அரவிந்த் கண் மருத்துவமனையில் டாக்டர் ரத்தினமும் உடன் பணியாற்றியவர்களும் இந்நோயால் கண் அழற்சியுற்ற 73 பேரைப் பரிசோதித்து, 1997-இல் விவரங்களை வெளியிட்டனர். வெள்ளத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உறவை அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும். வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். நாம் சொல்லும் நோயில் கண்ணுக்குள் வலி, வெளிச்சம் கண்டால் கூச்சம், கண்முன் புள்ளிகள் மிதப்பது ஆகியவை தோன்றும். கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் நல்ல பார்வையை மீண்டும் அடைகிறார்கள்.

சேற்றில் இறங்கும்போது முழங்கால்வரை ரப்பர் காலணி அணியுங்கள்; புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள்; தொழுவத்து நீர் தேங்காமல் கால்வாய் வெட்டுங்கள். கண் வைத்தியரிடம் சென்றால், அவர் கேட்காவிட்டாலும், வெள்ளநீரில் நின்றதையும் முன்பு வந்த ஜுரத்தையும் சொல்லிவிடுங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். 1819-இல் தொடங்கிய அரசாங்கக் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.