பிளஸ் டூ மார்க்கும் நீட் மார்க்கும்



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். டாக்டர் படிப்பைப் பத்தி இவ என்ன பேசப்போறான்னு நினைக்கலாம். எங்க குழுவில் முன்னெல்லாம் ஆடு, மாடு, தையல் மிஷின், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவுன்னு உள்கடன் கேப்பாங்க. இப்ப தீர்மான நோட்டில் "மகளுக்கு நீட் கோச்சிங்"னு எழுத வேண்டியிருக்கு. கடன் நம்ம கையெழுத்தில் போகுது, அதனால் நாம பேசித்தான் ஆகணும்.

நுழைவுத் தேர்வு நமக்குப் புதுசு இல்லை. 1984-லேயே தமிழ்நாட்டில் வந்துச்சு. கிராமத்துப் பிள்ளைங்க பின்தங்குறாங்கன்னு 2006-ல் சட்டம் போட்டு எடுத்தாங்க. அதுக்கப்புறம் பிளஸ் டூவில் உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200-க்கு கட்-ஆஃப் போட்டு சீட் கொடுத்தாங்க. 2017-ல் நீட் வந்துச்சு. அந்த வருசம்தான் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இழந்தோம். கூலி வேலை செய்றவர் மகள், 1200-க்கு 1176 வாங்கின பொண்ணு. அந்த மார்க்குக்கு மதிப்பே இல்லாமப் போச்சு. இப்பவும் அந்த மூணு பாடத்தில் தகுதிக்கான மார்க் இருந்தாப் போதும். அதுக்கு மேல எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் வராது.

நீட் வேணும்னு சொல்றவங்க பேச்சையும் கேக்கணும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு பாடத்திட்டம், ஒரே தராசில் நிறுத்தாத்தான் நியாயம்ங்கிறாங்க. பிளஸ் டூ மார்க் மட்டும் சுத்தமா இருந்துச்சான்னும் கேக்கிறாங்க. அதில் உண்மை இருக்கு. பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களில் பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளி வச்சுட்டு, ரெண்டு வருசமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் பண்ண வச்ச கதை ஊரறிஞ்சது. அப்பவும் அரசுப் பள்ளிப் பிள்ளைங்க டாக்டர் சீட்டு வாங்கினது சொற்பம்தான்.

ஆனா தராசு ஒண்ணுன்னா படிக்கற வசதியும் ஒண்ணா இருக்கணுமில்ல? 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கணக்கு எடுத்தாங்க. நீட்டுக்கு முன்னாடி டாக்டர் படிப்பில் சேர்ந்தவங்கள்ல தமிழ் வழியில் படிச்சவங்க 100-க்கு ஏறக்குறைய 15 பேர். நீட் வந்த முதல் வருசமே அது 2-க்கும் கீழே இறங்கிடுச்சு. இதைவிடக் கொடுமை 2018-ல் நடந்துச்சு. தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்வி தப்பா மொழிபெயர்த்திருக்குன்னு வழக்குப் போட்டாங்க. ஒரு கேள்விக்கு 4 மார்க் வீதம் 196 மார்க் கொடுக்கணும்னு மதுரையில் ஐகோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. மொத்தமே 720 மார்க், அதில் 196-ன்னா யோசிச்சுப் பாருங்க. தமிழில் படிச்சதைத் தவிர அந்தப் பிள்ளைங்க என்ன தப்பு பண்ணாங்க?

நீட் வேண்டாம்னு சட்டமன்றத்தில் ரெண்டு தடவை மசோதா நிறைவேத்தியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கலை. என் மனசு பிளஸ் டூ மார்க் பக்கம்தான். பன்னிரண்டு வருசம் ஒழுங்கா பள்ளிக்கூடம் போன பிள்ளையை மூணு மணி நேரத்தில் எடை போடறது எனக்கு ஒப்பலை. ஆனா அது மாறுற வரைக்கும் நம்ம பிள்ளைங்க காத்திருக்க முடியாது.

அதனால் நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் சட்டமாச்சு, முதல் வருசமே 400 பேருக்கு மேல் சேர்ந்தாங்க. தனியார் கல்லூரியில் கிடைச்சாலும் ஃபீஸ் அரசாங்கம் கட்டுது. ஆனா ஆறாவதில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். நாலு பேர் சொல்றாங்கன்னு கடன் வாங்கி, நடுவில் ரெண்டு வருசம் தனியார் பள்ளிக்கு மாத்தினா அந்த உரிமை போயிடும். அப்புறம் அழுதாலும் வராது. இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டப் படிப்புக்கும் இந்த 7.5 இருக்கு. டாக்டர் ஆனாத்தான் பிள்ளைன்னு இல்லையே.

கடன் விசயத்துக்கு வர்றேன். எங்க குழுவில் ஒரு அக்கா கோச்சிங்குக்கு 60,000 கேட்டாங்க. முதல் தடவை கிடைக்கலைன்னா இன்னொரு வருசம், இன்னொரு கடன். வீட்டில் உக்காந்து படிக்கிற பொண்ணுக்கு கடனும் சேர்ந்து தலைமேல் உக்காந்துக்குது. அவ மார்க் வாங்கலைன்னா "உனக்காக வாங்கின கடன்"னு ஒரு வார்த்தை நம்ம வாயில் வந்திடக் கூடாது, அக்கா. அந்த வார்த்தை எங்க கொண்டுபோய் விடும்னு நமக்குத் தெரியும்.

கூட்டமைப்புக்கு நான் வைக்கிற கோரிக்கை ரெண்டு. படிப்புக் கடனுக்குத் தவணையை மாட்டுக் கடன் மாதிரி அடுத்த மாசமே தொடங்காம, ரிசல்ட் வந்து ஆறு மாசம் கழிச்சுத் தொடங்கணும். அரசுப் பள்ளியில் நடக்கிற இலவசப் பயிற்சிக்குப் போற பிள்ளைங்க சாயங்காலம் உக்காந்து படிக்க நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தைத் திறந்து விடணும். லைட்டும் ஃபேனும் இருக்கு, மாசத்தில் ரெண்டு நாள்தான் நாம அங்க கூடறோம். சாவி வச்சிருக்க எங்க குழு தயார்.