கடன் கூலி ஆகாது
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வறுமையை ஆராய்ந்த ஒரு பேராசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் அபிஜித் பானர்ஜி. 1961இல் இதே மும்பையில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்தவர். தாயும் தந்தையும் பொருளாதாரப் பேராசிரியர்கள். டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1983 மாணவர் கிளர்ச்சியில் கைதாகி, ஏறக்குறையப் பத்து நாள் திகார் சிறையில் இருந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று பேராசிரியரானார். 2019இல் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் ஆகியோருடன் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

பரிசு பெற்றவர் என்பதற்காக அவரைப் பற்றிப் பேசவில்லை. வாரந்தோறும் நம் தெருவுக்கு வரும் தவணைக் கடனை அவர் ஆராய்ந்திருக்கிறார், அதற்காகவே பேசுகிறேன்.

பெண்கள் கையில் சிறு கடன் கொடுத்தால் வறுமை ஒழிந்துவிடும் என்று உலகமெங்கும் முழங்கினார்கள். 2006இல் வங்கதேசத்து முகமது யூனுசுக்கும் கிராமீன் வங்கிக்கும் சமாதான நோபல் பரிசே கிடைத்தது. அந்த முழக்கம் மெய்தானா என்று பானர்ஜியும் அவருடைய தோழர்களும் சோதிக்க முனைந்தார்கள்.

எப்படிச் சோதித்தார்கள்? ஐதராபாத்தில் ஏழைகள் வாழும் 104 பேட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த 52 பேட்டைகளில் மட்டும் ஒரு கடன் நிறுவனம் முதலில் நுழைந்தது. ஆறு முதல் பத்துப் பெண்கள் ஒரு குழு. முதல் கடன் 10,000 ரூபாய். 50 வாரத் தவணை. வட்டி 12 சதவீதம் என்பது ஏட்டுக் கணக்கு. அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், உண்மையில் அது 24 சதவீதம். தாய்மார்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து இரு வகைப் பேட்டைகளையும் ஒப்பிட்டார்கள். கடன் நுழைந்த பேட்டைகளில் வீட்டுக்கும் தொழிலுக்கும் சாமான்கள் வாங்கியிருந்தார்கள். புகையிலை போன்ற செலவுகளைக் குறைத்திருந்தார்கள். ஏழைக்குச் சிக்கனம் தெரியாது என்பவர்களுக்கு இதுவே பதில். முன்பே நன்றாகத் தொழில் நடத்தியவர்களுக்கு லாபம் கூடியது. ஆனால் குடும்பங்களின் மொத்தச் செலவு, அதாவது வாழ்க்கைத் தரம், உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும், உடல்நலத்திலும், வீட்டில் பெண்ணின் சொல்லுக்குள்ள மதிப்பிலும் மாற்றம் தென்படவில்லை.

கடனே கூடாது என்பதல்ல இதன் பொருள். கடன் மட்டும் வறுமையை ஒழிக்காது என்பதே பொருள்.

பின் எதுதான் ஒழிக்கும்? மேற்கு வங்கத்தில் பரம ஏழைக் குடும்பங்களுக்குப் பசுவோ ஆடுகளோ கடனாக அல்ல, இனாமாகவே கொடுத்து, சில மாதம் வாரப் படியும் பயிற்சியும் தந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அக்குடும்பங்கள் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. காரணம் என்ன தெரியுமா? கையில் கொஞ்சம் சொத்து இருந்ததால், நல்ல கூலி கிடைக்கும் வேலையைத் தேடி வெளியூர் போக அவர்களால் முடிந்தது! ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதன் அருமை புரியும்.

பானர்ஜி ஏழையை மட்டும் அளந்தவரல்லர். தாமஸ் பிக்கெட்டியுடன் சேர்ந்து, 1922 முதல் 2000 வரையிலான வருமான வரிக் கணக்குகளைப் புரட்டி, 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1950களில் உச்சியிலிருந்த பத்தாயிரத்தில் ஒருவரின் வருமானம், நாட்டின் சராசரியைப்போல் 150 முதல் 200 மடங்கு. 1980களின் தொடக்கத்தில் அது 50 மடங்குக்கும் கீழே இறங்கியது. 1990களின் இறுதியில் மீண்டும் பழைய உயரத்துக்கே ஏறிவிட்டது. ஆகவே ஏற்றத்தாழ்வு தலைவிதி அல்ல. இறங்கிய வரலாறும் அதற்கு உண்டு.

தோழர்களே, குறைந்த கூலி கொடுத்துவிட்டு, அந்தக் குறையைக் கடன் வாங்கி நிரப்பிக்கொள் என்றால் அது எந்த ஊர் நியாயம்? கடன் வாங்குமுன் வட்டிக் கணக்கை நமது சங்கத்தில் காட்டிக் கேளுங்கள். மேடையேறி வாக்குக் கேட்பவர்களிடம், எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பேருக்குக் கூலி உயர்ந்தது, எத்தனை பிள்ளைகள் பள்ளி முடித்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உழைப்பவர்களாகிய நமக்கு உண்டு.