செய்திக்கு விலை கொடுப்பவர் யார்?



பிழைப்பை நாடி வந்த இவ்வூரில் நாம் வாக்காளர்கள். ஆனால் வேட்பாளர்களை நேரில் அறியோம். மேடைப் பேச்சும் பாதிதான் விளங்கும். காலையில் வாசலில் விழும் நாளேட்டை நம்பியே வாக்களிக்கின்றோம்.

அந்த ஏட்டுக்கு நாம் தரும் விலை அதனை உருவாக்கும் செலவுக்குப் போதாது. எஞ்சியதை விளம்பரக்காரர் தருகின்றனர். பெருமுதலாளி பக்கங்களைப் பெருக்கி விலையைக் குறைத்தால் சிறிய ஏடு என் செய்யும்? 1952இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த பத்திரிகைக் குழு இக்கேள்வியை ஆராய்ந்தது. பக்கத்திற்கேற்ற விலை வேண்டுமென 1956இல் சட்டமும் வந்தது. பூனாவின் ‘சகாள்’ ஏடு வழக்காட, அச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணென 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைக் குறைகூற நமக்கு மனமில்லை. 1975இல் அரசின் தணிக்கையையும் கண்ட நாடல்லவா இது! ஆயினும் சிறிய ஏட்டின் இடர் நீங்கவில்லை.

பின்னர் விளம்பரமே செய்தியின் உடையை உடுத்தி வந்தது. 2009ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தேர்தலின்போது, போட்டி ஏடுகள் மூன்றில் முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை எழுத்துப் பிசகாமல் வெளிவந்தது. இதனைச் சாய்நாத் என்னும் பத்திரிகையாளர் ‘இந்து’ நாளேட்டில் வெளிப்படுத்தினார். பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு, காசு பெற்றுச் செய்தி வெளியிட்ட ஏடுகளின் பெயர்களைக் குறித்து 71 பக்க அறிக்கை தந்தது. மன்றமோ 2010இல் சுருக்கத்தை மட்டுமே வெளியிட்டது! பத்திரிகைகளின் நடத்தையை விசாரிக்கப் பிறந்த மன்றமே பெயர்களை மறைத்தது என்பதுதான் நம்மை வருத்துவது. தகவல் ஆணையத்தின் ஆணைக்குப் பிறகே, 2011இல், முழு அறிக்கை மக்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், இத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கிற் காட்டாமையால் மூன்றாண்டுகளுக்குத் தகுதி இழந்தார். ஏடுகளைத் தண்டிக்கவோ மன்றத்திற்கு அதிகாரமில்லை. கண்டிக்க மட்டுமே இயலும்.

தொலைக்காட்சியிலும் பெருமுதலின் கை ஓங்கிற்று. 2014இல் நெட்வொர்க் 18 ரிலையன்ஸ் வசமும், 2022இல் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் வசமும் சென்றன.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் நம் படிப்பகத்து ஏடுகளை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு திங்களேனும் அடுக்கி வையுங்கள். ஏடுகளை அருகருகே விரித்துப் பார்த்தவர்க்கே அந்த மராத்திக் கட்டுரை அகப்பட்டது.