முறையறிந்த கொடை

(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அட்சய திருதியை என்றால் இன்று ஊரார் பலர்க்கும் பொன் வாங்கும் நாள். சமணர்க்கோ அது கொடை பிறந்த நாள். ஆதிபகவன் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பு இருந்து, பின்னர் உணவு ஏற்கப் புறப்பட்டார். அவரைக் கண்ட மக்கள் மனமுருகி ஓடி வந்தனர். யானை கொணர்ந்தார் ஒருவர். குதிரை கொணர்ந்தார் ஒருவர். மணியும் பட்டும் சுமந்து வந்தனர் வேறு சிலர். துறவிக்கு எதை, எவ்வாறு அளிப்பது என்பதை அறிந்தவர் ஒருவரும் இலர். இவ்வாறே திங்கள் பல கழிந்தன. அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் என்னும் அரசகுமரனுக்கே, முற்பிறப்பில் முனிவர்க்கு உணவளித்த முறை நினைவுக்கு வந்தது. அவன் ஏந்தி அளித்த கருப்பஞ்சாறே இந்த யுகத்தின் முதல் தானம் எனச் சமண புராணங்கள் போற்றும்.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நாட்டில் கொடுக்க மனமில்லாதவர் எவரும் இல்லை. கொடுக்கப் பொருளும் இருந்தது. ஏற்க வேண்டியவர் வாசலிலேயே நின்றார். முறை ஒன்றுதான் இல்லை. அது ஒன்று இல்லாமையால் மற்ற மூன்றும் பயனற்றுப் போயின.

செவிலியர் கல்விக்கு உதவித்தொகை வேண்டி நிற்கும் சமணப் பிள்ளைகளின் நிலையும் இன்று ஏறத்தாழ இதுவே. அரசிடம் திட்டங்கள் உள்ளன. சமூகத்தில் செல்வர் உளர். தகுதியுள்ள மாணவியும் வாசலில் நிற்கிறாள். இடையே ஒரு விண்ணப்பப் படிவம் கிடக்கிறது.

பல வீடுகளில் நிகழ்வதை ஒரு வீட்டின்மேல் வைத்துக் காணலாம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். தந்தைக்கு ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மகள். பக்கவாதத்தால் படுத்துவிட்ட தாத்தாவை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் அவளே. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை அவ்வூர்க் கிராமச் செவிலியரிடம் கேட்டறிந்து, தேர்வுக் காலத்திலும் தவறாது செய்தாள். பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான்காண்டுப் படிப்பு.

முதல் தடை பணத்தால் வரவில்லை. பாட்டியின் வாயிலாக வந்தது. "பொழுது சாய்ந்தால் சோற்றில் கை வைக்காத குடும்பம். இவள் இராவெல்லாம் ஆசுபத்திரியில் கண்விழிப்பதா? கிழங்கும் முட்டையும் வேகும் விடுதியில் இருந்து உண்பதா? கண்டவர் சீழையும் இரத்தத்தையும் கையால் தொடுவதா?" என்று அம்மூதாட்டி கேட்டார். எளிதில் தள்ளிவிடத்தக்க வினாக்கள் அல்ல இவை. நெறியோடு வாழும் இல்லங்கள் பலவற்றில் இன்றும் எழுவனவே.

இவற்றுள் இறுதி வினாவுக்குச் சமண மரபே விடை கூறுகிறது. நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு. அவற்றுள் ஒன்று அருவருப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பெறுபவன் உத்தாயணன் என்னும் அரசன். அவனைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், நோயால் அழுகிய உடலுடைய முனிவராய் வந்து உணவேற்று, உண்டதை அவ்விடத்திலேயே வாந்தி எடுத்தான். அரசன் முகம் சுளிக்கவில்லை. தான் அளித்த உணவில் என்ன குற்றமோ என்று வருந்தித் தன் கையாலேயே அதனைத் துடைத்தான். அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் என்னும் பணிவிடையும் ஒன்று. பிறர் நோயைத் தொட்டுத் துடைக்கும் கை தீட்டுப்பட்ட கை அன்று. தவம் செய்யும் கை.

உணவு பற்றிய வினாவுக்கோ கதையால் விடை கூறிவிட இயலாது. அதற்குப் பணமும் ஏற்பாடும் வேண்டும். பொழுது சாயுமுன் உணவு கிடைக்கும் விடுதியோ, உடன் சமைத்துக்கொள்ள வாய்ப்புள்ள அறையோ அமைத்துத் தருதல் சமூகத்தின் கடமை.

இரண்டாம் தடையே விண்ணப்பம். அவ்வீட்டில் விண்ணப்பம் பதிவு செய்யப்பெற்றது, பணம் வரவில்லை. பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரோடு 'நயினார்' என்னும் பட்டம் இருந்தது, ஆதாரில் இல்லை. வருமானச் சான்றிதழோ முந்திய ஆண்டில் பெற்றது. திருத்தி அனுப்புமாறு விண்ணப்பம் திரும்பி வந்தது. அச்செய்தி சென்ற கைபேசி எண் அண்ணன் கைவிட்டுவிட்ட பழைய எண். இறுதி நாள் கடந்த பின்னரே வீட்டார்க்கு அது தெரிய வந்தது. தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. தகுதியின்மையால் அவள் உதவியை இழக்கவில்லை. ஒரு பட்டப்பெயரும் ஒரு பழைய எண்ணும் அவளுக்கு ஓராண்டு உதவியை இழக்கச் செய்தன.

ஆதலின் முறையை அறிதல் வேண்டும். முதலாவது, சேரவிருக்கும் நிறுவனத்தை ஆராய்தல். செவிலியர் கல்வியில் பட்டயப் படிப்பு மூன்றாண்டு, பட்டப் படிப்பு நான்காண்டு. எதுவாயினும், அந்நிறுவனம் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் குழுமம் ஆகியவற்றின் ஏற்புப் பெற்றதா என்றும், தமிழகத்தில் பட்டப் படிப்பாயின் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்றும் காண வேண்டும். ஏற்பில்லாத நிறுவனத்தில் கட்டும் கட்டணம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர். அங்கே பயின்றார்க்கு உதவித்தொகையும் இல்லை. செவிலியராகப் பதிவு செய்துகொள்ளவும் இயலாது.

இரண்டாவது, கதவுகள் எவை என அறிதல். 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. அதன்பின் சிறுபான்மையினர்க்கான கல்வித் திட்டங்கள் சமணர்க்கும் உரியவாயின. ஆயினும் இத்திட்டங்களின் வரம்பும் நடப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவன. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முன்னர்க் கிடைத்தது என்பதை நம்பிக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளுதல் கூடாது. தேசிய உதவித்தொகை வலைவாசலில் அவ்வாண்டு அறிவிப்பைக் கண்ணால் கண்ட பின்னரே கணக்கிட வேண்டும். தமிழக அரசு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவிக்கு, உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. பின்னர் இது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றார்க்கும் விரிவாக்கப்பெற்றது. வேறு உதவித்தொகை பெறுவோரும் இதனைப் பெறலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவார்க்கு உரிய முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பலர் கேட்டுப் பெறுவதே இல்லை. இவையாவும் போதாவிடின் வங்கிக் கல்விக் கடன் உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை பிணையச் சொத்துக் கேட்கப்பெறுவதில்லை. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமும் கல்விக் கடன் அளிக்கிறது. கடன் கடைசிக் கதவாகவே இருத்தல் நன்று.

மூன்றாவது, ஆவணங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், நடப்பு ஆண்டின் வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், கல்லூரியில் பயில்வதற்கான சான்று, கட்டண ரசீது, மாணவியின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த நாளும் ஓரெழுத்தும் மாறாதிருத்தல் வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருத்தல் வேண்டும்; இல்லையேல் ஒப்பளிக்கப்பெற்ற தொகையும் வந்து சேராது. இத்திருத்தங்களைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே முடித்துவிட வேண்டும். சேர்க்கை தொடங்கிய பின்னர் இ-சேவை மையத்தில் வரிசை நீளும். கல்லூரியிலோ நாள் குறையும்.

நான்காவது, விண்ணப்பத்தை அனுப்பிய பின்னரும் அதனைத் தொடர்தல். கல்லூரியில் அதனைச் சரிபார்க்கும் அலுவலர் ஒருவர் உளர். அவர் ஒப்புதல் அளித்தாலன்றி அது மேலே செல்லாது. பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அதன் நிலையைப் பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். முதலாண்டு உதவி பெற்றுவிட்டு, இரண்டாமாண்டு புதுப்பிக்க மறந்து இழந்தவர்களும் உளர்.

தனியார் அறக்கட்டளைகள் படிவத்தோடு ஒரு கடிதமும் கேட்கும்: 'இப்படிப்பை ஏன் தேர்ந்தாய்?' அங்கே பிள்ளைகள் பெரும்பாலும், 'சிறுவயது முதலே மக்கள் தொண்டாற்றும் இலட்சியம் கொண்டவள் யான்' என்று எழுதிவிடுவர். அது எவர்க்கும் பொருந்தும். ஆதலால் எவரையும் காட்டாது. அம்மாணவியும் முதலில் அப்படித்தான் எழுதினாள். அவள் எழுத வேண்டியது வேறு: தாத்தாவை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததையும், இறுதி நாள் வரை அவர் முதுகில் புண் ஒன்றும் இல்லாதிருந்ததையும். அதன்கீழ்க் கல்லூரிக் கட்டணம் இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு, சீருடைக்கும் நூல்களுக்கும் இவ்வளவு, வீட்டால் இயன்றது இவ்வளவு, குறைவது இவ்வளவு என நான்கைந்து வரிகளில் கணக்கு. உண்மையும் கணக்கும் உள்ள கடிதம் இரக்கத்தை யாசிப்பதில்லை.

உதவி கேட்பதை இழிவெனக் கருதும் பெற்றோர் உளர். நவீனச் செவிலியர் கல்வியே கொடைப் பணத்தில் பிறந்தது என்பதை அவர்கள் அறிதல் நன்று. கிரிமியப் போரில் புண்பட்ட வீரர்களைப் பேணிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைப் போற்றி மக்கள் நிதி திரட்டினர். அந்நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அங்கே பயின்றார்க்கு உணவு, உறையுள், சீருடை ஆகியவற்றோடு ஆண்டுக்குப் பத்துப் பவுன் உதவியும் அளிக்கப்பெற்றது. உணவும் உறையுளும் சீருடையும் கல்விச் செலவே என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி அளிப்போர்க்கு உரிய முறை. சமணம் தானத்தை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நான்காக வகுத்தது. செவிலியர் கல்விக்கு அளிக்கும் ஒரு தொகையில் இந்நான்கும் அடங்கும். இன்று அது கல்விக் கொடை. அவள் பயின்று முடித்தபின் மருந்துக் கொடை. நள்ளிரவில் வலியால் துடிப்பவர் அருகே அவள் நிற்கும்போது அச்சம் அகற்றும் அடைக்கலக் கொடை. விடுதியில் அவள் நெறிக்கேற்ற உணவுக்கு வழி செய்தால் உணவுக் கொடையும் ஆகும்.

ஆனால் அத்தொகை எந்நாளில் சேர்கிறது? சித்திரை, வைகாசியில் விழா மேடையில் காசோலை. கல்லூரிக் கட்டணமோ பின்னர்ச் சேர்க்கையின்போது, சில நாள் தவணையில். இடைப்பட்ட காலத்தில் வேண்டியதை வேண்டிய நாளில் அளிக்கும் நெறி இல்லையேல், சங்கிலி அடகுக் கடைக்கே போகும். யானையும் குதிரையும் கொணர்ந்தாரைப் போல் அன்பு மிக்கதாயினும் அது பசிக்கு உதவாத கொடை. மற்றொன்று, உதவி பெறும் பெண்ணை மேடையேற்றிப் படம் எடுத்துப் பலரறியச் செய்தல். அச்சம் நீக்குதலும் தானம் என்ற சமயம், கூச்சத்தை உண்டாக்கிக் கொடுக்கலாமா? தொகை அவள் கணக்கிற்கோ கல்லூரிக்கோ நேரே சென்று சேரட்டும். பெயர் அறக்கட்டளையின் ஏட்டில் மட்டும் இருக்கட்டும்.

பணமே இல்லாதாரும் செய்யத்தக்க தானம் ஒன்றுண்டு. ஜினாலயம் உள்ள ஒவ்வோர் ஊரிலும், கணினி அறிந்த இளைஞர் இருவரும் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரும் மே, ஜூன் திங்கள்களில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்து, பிள்ளைகளின் ஆவணங்களில் பெயர்ப் பிழை பார்த்துத் தரலாம். அந்த வீட்டில் இழக்கப்பெற்ற ஓராண்டு உதவியை இத்தகைய ஒரு ஞாயிறு காத்திருக்கும்.

இது புதுவழி அன்று. வந்தவாசியை அடுத்த விடால் என்னும் ஊரில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கர் ஐந்நூற்றுவரையும் அது குறிப்பிடுகிறது. பிணக்கு ஒன்று நேர்ந்தபோது, அவ்வூரார் குரத்தியாரையும் அவரைச் சார்ந்தோரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கற்கும் ஓர் அவையைத் தாங்குதல் ஊரின் கடன் எனக் கல்லில் வெட்டி வைத்த மண் இது.

அம்மாணவி அடுத்த ஆண்டு பெயரைத் திருத்தி, தன் பெயரில் ஒரு கைபேசி எண் வாங்கி, அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தாள், உதவி கிடைத்தது. சங்கிலி இன்னும் மீட்கப்பெறவில்லை. பாட்டி மட்டும், விடுமுறைக்கு வரும் பேத்தியிடம், "பொழுதோடு உண்கிறாயா?" என்றே முதலில் கேட்கிறார். அவ்வினாவுக்கு அவள் தயங்காமல் 'ஆம்' என்று விடை கூற வழி செய்வதே, இத்திருநாளில் சிரேயாம்சனை நினைப்பார்க்கு உரிய கடமை.

அறம் வளர்க!