லாரி ஓட்ட ஆசையா? ஒரு வருஷம் முன்னாடியே கிளம்பணும்!

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் கறவை மாடு, தையல், ஊறுகாய் என்று தொழில் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு லாரி ஓட்டுவது பற்றிப் பேசப் போகிறோம். பின்னாடி சில அக்காமார்கள் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. முதன்முதலில் நாம் பேங்கில் கணக்கு ஆரம்பிக்கப் போனபோதும் ஊரில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

லாரி என்றாலே நாமக்கல், சங்ககிரி என்பது எல்லோருக்கும் தெரியும். பாடி கட்டுவது, டயர், பட்டறை, டேங்கர் என்று எத்தனையோ குடும்பம் அதில்தான் பிழைக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த பெண்ணை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பெண்களால் முடியாது என்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசு பஸ் ஓட்டுநராகச் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றார். போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவர் இறந்த பிறகு, பிள்ளைகளைக் காப்பாற்ற லாரி ஓட்ட வந்து பல மாநிலம் சுற்றியவர். ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு இவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். நமக்கு மிச்சம் இருப்பது, எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விதான்.

இதில் நாங்கள் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். போன வருடம் கனரக வாகனப் பயிற்சிக்கு நம் குழுக்களிலிருந்து நான்கு பேரை அனுப்பினோம். ஆர்வம் இருக்கிறதா, வீட்டில் சம்மதமா என்று மட்டும் கேட்டோம். கையில் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்கவில்லை. நான்கு பேரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. ஒருவரிடம் ஸ்கூட்டி லைசென்ஸ் மட்டும் இருந்தது. இன்னொருவர் கார் லைசென்ஸ் எடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாமவருக்கு ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். ஸ்கூட்டி லைசென்ஸ் வைத்திருந்த சகோதரி குழுவில் உள்கடன் வாங்கி, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்ன ஒரு தரகரிடம் பதினைந்தாயிரம் கொடுத்திருந்தார். அந்தப் பணம் முழுசாகத் திரும்பி வரவில்லை. இரண்டு கூட்டத்துக்கு அவரும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். "என் பேரைச் சொல்லாதீங்க. விஷயத்தை மட்டும் எல்லாக் கூட்டத்திலயும் சொல்லுங்க" என்றார். அதனால்தான் இந்தப் பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, கார் போன்ற இலகுரக வாகன லைசென்ஸை, அதாவது எல்.எம்.வி. லைசென்ஸை, ஒரு வருடமாவது வைத்திருந்தால்தான் லாரிக்குப் பழகுநர் உரிமமே கொடுப்பார்கள். பழகுநர் உரிமம் என்பது எல்.எல்.ஆர். ஸ்கூட்டி லைசென்ஸ் இந்தக் கணக்கில் வராது. வயது இருபது முடிந்திருக்க வேண்டும். ஆக, லாரி ஓட்டலாமா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் எல்.எம்.வி. லைசென்ஸை இப்போதே எடுத்து வையுங்கள். அது கைக்கு வந்த நாளிலிருந்துதான் அந்த ஒரு வருடம் ஓட ஆரம்பிக்கும்.

எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டப் போகலாம். ஆறு மாதம் வரை அது செல்லும். பழகும்போது 'எல்' போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். "நம்ம ஊர் ரோடுதானே" என்று யாரும் இறங்க வேண்டாம்.

"நான் எட்டாவது தாண்டலையே" என்று சிலர் தயங்குகிறீர்கள். முன்பு அந்த விதி இருந்தது. 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சாலைக் குறியீடுகளைப் படித்துத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு தமிழிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்த மகளோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பத்துக் குறியீடு சொல்லிக் கொடுத்தால் போதும்.

"வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ" என்று ஒரு அக்கா கேட்டார். பதினெட்டு வயது தாண்டிய பெண்ணின் விண்ணப்பத்தில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. வீட்டில் பேசி, ஒத்துழைப்போடு செய்வது நல்லது. ஆனால் கையெழுத்து உங்களுடையதுதான்.

அந்த ஒரு வருடம் சும்மா இருக்கணுமா?

இருக்க வேண்டாம். பொருளோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம். தனியாகப் பேட்ஜ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாம் குட்டியானை என்று சொல்கிறோமே, அதெல்லாம் இதில் அடங்கும். காய்கறி, பால், தீவனம் ஏற்றி ஒரு வருடம் ஓட்டினால் கையும் பழகும், சம்பாத்தியமும் வரும். பெட்ரோல், கேஸ் மாதிரி ஆபத்தான சரக்குக்கு மட்டும் தனி விதி உண்டு. அதில் கை வைக்காதீர்கள்.

இப்போதே தயார் செய்ய வேண்டியவை

முதலில் கண். லாரி உரிமத்துக்கு டாக்டர் சான்று வேண்டும். அது படிவம் 1-ஏ. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரைப் படிக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிய வேண்டும். மாலைக்கண், காது கேட்பது எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டுப் படிக்கலாம், அதில் குறை ஒன்றுமில்லை. ஊரார் கேலி செய்வார்கள் என்று கண்ணாடியைப் பெட்டியில் வைத்திருக்கும் சகோதரிகள் தயவுசெய்து எடுத்துப் போடுங்கள்.

இரண்டாவது காகிதம். ஆதார், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, இன்ஷியல் ஒன்றாக இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் அப்பா இன்ஷியல், பின் கணவர் இன்ஷியல் என்று நம்மில் பாதிப் பேருக்கு மாறித்தான் கிடக்கிறது. இதைத் திருத்தவே சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது உடம்பும் பழக்கமும். லாரியில் உயரமாக ஏறி இறங்க வேண்டும், மணிக்கணக்கில் உட்கார வேண்டும். காலையில் அரை மணி நேரம் நடங்கள். பயிற்சிக்குச் சுடிதாரும் காலைப் பிடித்து நிற்கும் செருப்போ ஷூவோ நல்லது. புடவைத் தலைப்பும் வழுக்கும் செருப்பும் பெடலுக்கு ஆகாது. தெரிந்த ஓட்டுநர் யாராவது இருந்தால், நிற்கிற லாரியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். இடது பக்கம் எவ்வளவு இடம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரியும். காற்று பிரேக் உள்ள வண்டியில் காற்று ஏறி அளவு காட்டிய பிறகுதான் நகர்த்த வேண்டும். கிளம்பும் முன் டயர், ஆயில், தண்ணீர், விளக்கு பார்க்க வேண்டும். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பதும், கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுப்பதும்தான் தேர்வில் பலரைத் தடுக்கும் இடம். எல்.எம்.வி. வண்டியிலேயே இதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

பயிற்சி, பணம், வீடு

அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021 ஜூலை முதல் புதிய விதி வந்திருக்கிறது. அங்கே கனரக வாகனப் பயிற்சி 38 மணி நேரம், ஆறு வாரத்துக்குள் முடிப்பார்கள். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. சேரும் முன் அந்த மையத்துக்கு இந்த அங்கீகாரம் இருக்கிறதா, பெண்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். சாதாரண டிரைவிங் ஸ்கூல் என்றால் அவர்களுடைய சான்றிதழோடு ஆர்.டி.ஓ. தேர்வுக்கும் போக வேண்டும்.

பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் வேண்டாம். குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதற்கு உள்கடன் கொடுக்கும் முன், எல்.எம்.வி. லைசென்ஸில் உள்ள தேதியைப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பணத்தைப் பயிற்சி மையத்துக்கே கட்டுங்கள். பயிற்சி முடிந்து வேலைக்குப் போன பிறகு தவணை ஆரம்பிக்கும்படி வையுங்கள்.

ஆறு வாரம் ஒரு பெண் வீட்டில் இல்லையென்றால் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? இதைச் சொல்லித்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஒரே தெருவில் பன்னிரண்டு பேர் உள்ள குழுவுக்கு இது முடியாத காரியமா? பிரசவத்துக்கும் சாவுக்கும் ஒருவருக்கொருவர் நிற்கிறோம். இதற்கும் நிற்கலாம்.

அந்தச் சகோதரி இப்போது எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்துவிட்டார். விடிகாலையில் மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறார். அந்த வருமானத்தில் உள்கடன் தவணை கட்டி வருகிறார், பாதி முடிந்திருக்கிறது. வருகிற தை மாதம் அவருக்கு ஒரு வருடம் முடிகிறது. இந்த முறை அவர் கூடப் போய், வாசலில் காகிதத்தை நாங்களே சரிபார்த்து அனுப்புவோம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் கொண்டு வாருங்கள். யாரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்தது, யாருக்குப் பெயர் திருத்தம் வேண்டும் என்று மூன்று வரி போதும். மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.