ஊர்ப்பெயரும் ஊர்நீரும்

(இராமநாதபுரம் பக்கத்துக் கிராமமொன்றில், கூட்டுறவு நாணயச் சங்க மகாசபையின்போது இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்.)



சங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்ய வந்தவன் ஊர்ப்பெயரைக் குறித்துப் பேசத் துணிந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அதற்குக் காரணம் நீங்களே. உங்கள் ஊரின் பெயர் 'ஏந்தல்' என்று முடிவது நாகரிகமாயில்லை யென்றும், சங்கத்தின் பெயரிலாவது அதை 'நகர்' என்று மாற்றிக்கொள்ள வேண்டுமென்றும் வாலிபர் சிலர் மகஜர் கொடுத்திருக்கிறார்கள். பெயரை மாற்ற வேண்டுமானால் உபவிதியைத் திருத்த வேண்டும். அது மகாசபையின் பொறுப்பு. என்னால் தடுக்கக் கூடியதன்று. ஆயினும், கையை உயர்த்துமுன் அச்சொல்லின் பொருளை அறிந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ள எனக்கு இடமுண்டு.

ஏந்தல் என்பது ஏந்துவது. ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத பூமியில், வானத்திலிருந்து விழும் நீரை வீணாக்காமல் ஏந்தி நிறுத்திய சிறு கண்மாய்க்கு நம் முன்னோர் அப்பெயரை வைத்தனர். செங்கற்பட்டுப் பக்கத்தில் இதற்கு இணையான சொல் தாங்கல். வேடந்தாங்கலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்சிகள் தங்குவதால் அது 'தாங்கல்' ஆயிற்றென்று ஒரு நண்பர் எனக்குச் சொன்னார். அப்படியன்று, அது தாங்கியது நீரை. நீர் இருந்ததனால் பட்சிகள் வந்தன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரமாவதைக் கண்ட குடியானவர்கள், அவற்றைச் சுடவொட்டாமல் தடுக்கும்படி முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டரிடம் அதற்கான உத்தரவு பெற்றார்கள்.

பட்டணத்திலும் இவ்விதமே. 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நம் இலாகாவில் அறியாதார் இல்லை. அப்பெயரை 'டிரிப்ளிகேன்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டால் அல்லியும் இல்லை, கேணியும் இல்லை. அல்லி பூத்த கேணியொன்று அங்கே இருந்ததை நம் தமிழ்ப்பெயரே சொல்லுகிறது.

சொல் தேய்வதும் உண்டு. 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்றொரு விருதுப்பெயர் இருந்தது. அப்பெயரால் அமைந்த பேரேரியை ஜனங்கள் தங்கள் வாய்க்கு இசைந்தவாறு வீராணம் ஆக்கினர். அரசனின் விருதை இன்று நினைப்பவர் சிலரே. அவன் ஏரியோ காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கும் குடிநீர் கொடுத்து வருகிறது. அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலையிட்டு ஏரி வாரியத்தைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. வெட்டுவதற்கு அரசன் போதும். வருஷந்தோறும் கரையைப் பார்த்துக்கொள்ள ஊரார் வேண்டும். அவன் பேரன் வழியில் வந்த இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய சோழகங்கம் கரை உடைந்து நெடுங்காலம் காடாய்க் கிடந்தது.

பெயரைக்கொண்டு எதையும் சாதித்துவிடலாமென்று நான் சொல்லவில்லை. திருமுதுகுன்றம் என்ற தமிழ்ப்பெயரை வடமொழியில் பெயர்த்து விருத்தாசலம் என்றார்கள். விருத்தாசலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே விருத்தர் ஒருவர் வசித்தாரென்று கதை கட்டுவது எளிது. ஆகையால் பெயர் சொல்வதை நிலத்திற் சென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்று மாலை உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருடன் அவ்வாறே சென்று பார்த்தேன். கருவேலம் புதருக்குள் மடைக்கற்கள் இரண்டு நிற்கின்றன. கரையாயிருந்தது இப்போது வண்டிப்பாதை. உள்வாயிற் பாதி சாகுபடியில் இருக்கிறது. அடங்கலில் அவ்விடம் இன்றும் கண்மாயென்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த நிலத்தைச் சொந்தமெனக் காட்டி மூவர் நம் சங்கத்திற் கடன் பெற்றிருக்கின்றனர். அம்மனுக்களைச் சென்ற ஆண்டு பரிசீலித்துக் கையொப்பமிட்டவன் நானே. மனுவின் தலைப்பில் இருந்த ஊர்ப்பெயரை வாசித்தேன். அதன் பொருளை வாசிக்கவில்லை. இதை என் அறிக்கையில் எழுதப்போகிறேன். கடன் பெற்ற மூவரும் ஏழைகள். வேறு ஜாமீன் கொடுக்க அவர்களுக்குத் தவணை வேண்டுமென்றும் எழுதுவேன்.

'ஏந்தல்' என்ற சொல்லும் போய்விட்டால், இங்கே நீர் நின்றதற்குச் சாட்சி இரண்டு கல்லும் அடங்கலில் ஒரு வரியுமே. கல்லைப் பெயர்ப்பதற்கு ஒரு கடப்பாரை போதும்.

மகஜர் கொடுத்த வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலங்களுக்கெல்லாம் பெயருண்டு, மடையடி என்றும் கலுங்கடி என்றும் உள்வாய்ச் செய் என்றும் பெரியவர்கள் வாயில் வழங்குகின்றன. அவற்றைக் கேட்டு எழுதுங்கள். பாட்டிமாரையும் விடாதீர்கள், களை பறித்தவர்களுக்கு வரப்புத் தெரியும். எழுதியதை அடங்கலோடு ஒப்பிட்டு, எந்தப் பெயருக்கு எந்தப் புல எண் என்று குறித்துவையுங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது அந்த ஜாபிதாவை வைத்துக்கொண்டு கரைவழியே நாம் சேர்ந்து நடக்கலாம். அதுவரையில் மகஜரை ஒத்திவைக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.